அந்த டியூபை இன்றோடு நிறுத்துங்கள்

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். போன சித்திரையில் அவருக்குத் தொடை இடுக்கில் அரிப்பு வந்தது. மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். தடவிய நாலைந்து நாளில் அடங்கியது. விட்டதும் முன்பைவிட மோசமாக வந்தது. இப்போது இடுப்பு, பிட்டம் என்று பரவிவிட்டது. எனக்கும் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வட்ட வட்டமாக வந்திருக்கிறது. ஆறு வயது மகனுக்குத் தலையில் ஓரிடத்தில் முடி கொட்டி, செதில் செதிலாக இருக்கிறது. புழுவெட்டு என்று சொல்லி மாமியார் சின்ன வெங்காயம் தேய்க்கிறார். வீட்டில் பூனை வளர்க்கிறோம். அதனால்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். ரத்தம் கெட்டுவிட்டது, கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்கிறார்கள் வேறு சிலர். பள்ளிக்கூடத்தில் பையனைச் சில நாள் அனுப்ப வேண்டாம் என்கிறார்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டை போடும் வேண்டுதல் இருக்கிறது, போட்டால் சரியாகிவிடுமா? சின்னப் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் தேமல், இதுவும் அதுதானா? மாமனார் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர். அவருடைய கால் நகம் மஞ்சளாகத் தடித்திருப்பது வயதானதால்தானே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அரிப்பு இருப்பவர் மட்டும் தனியாக வந்து, தனியாக மருந்து வாங்கிப் போய், இரண்டு மாதத்தில் அதே தொல்லையோடு திரும்பி வருவார். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்கள் வீட்டில் இது யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. வைத்தியத்தையும் அப்படியே வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை இரண்டு. கணவர் அந்த டியூபைத் தடவுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். மகனை இந்த வாரத்துக்குள் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவில் செலவில்லாமல் பார்க்கலாம்.

உங்களுக்கும் கணவருக்கும் வந்திருப்பது நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் படர்தாமரை. இதை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு ஒரே உணவுதான், கெராட்டின் என்ற புரதம். நம் தோலின் மேலடுக்கிலும், முடியிலும், நகத்திலும் அது இருக்கிறது. மேல்தோலின் உயிரற்ற அடுக்கில் உட்கார்ந்து அந்தப் புரதத்தைக் கரைத்துத் தின்றபடி பூஞ்சை வெளிப்பக்கமாக நகர்கிறது. நடுவில் உடலின் எதிர்ப்பு பூஞ்சையை அடக்கிவிட, அது ஓரத்துக்குப் போவதால்தான் நடுப்பகுதி ஆறியதுபோலவும் விளிம்பு மட்டும் தடித்துச் சிவந்தும் வட்டமாகத் தெரிகிறது. உயிருள்ள திசுவுக்குள் அது சாதாரணமாக இறங்குவதில்லை, ரத்தத்துக்குள் போவதுமில்லை. ஆகவே ரத்தம் கெட்டுப்போனதால் வந்தது என்பது தவறு. கத்தரிக்காயை விலக்குவதால் ஒரு பயனும் இல்லை. கருவாடு பிடிக்குமென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். உணவு விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே அக்கறை சர்க்கரை நோய்தான். கணவருக்கும் உங்களுக்கும் ஒரு முறை ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும், ஆறவும் தாமதமாகும்.

இனி அந்த டியூப். பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் நாலு நாளில் அடங்கி, விட்டதும் பாய்ந்து வந்தது என்ற விவரமே போதும், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்ல. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை மகளைவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், டெக்சாமெத்தசோன், மோமெட்டசோன் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. ஒரு எச்சரிக்கை: குளோட்ரிமசோல் என்பது நல்ல பூஞ்சைக்கொல்லி, குளோபெட்டசால் என்பது மிகக் கடுமையான ஸ்டீராய்டு. இரண்டும் கேட்க ஒன்றுபோல இருப்பதால் கடையில் வாயால் கேட்டு வாங்க வேண்டாம்.

இப்படிப்பட்ட டியூப்களில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்துகளை ஒன்றாகக் கலந்திருப்பார்கள்: ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒன்றிரண்டு பாக்டீரியா மருந்துகள், ஒரு ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்குவது பூஞ்சையை எதிர்த்து நம் உடல் நடத்தும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். எதிர்ப்பே இல்லாத தோலில் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. அதே டியூபில் பூஞ்சைக்கொல்லியும்தான் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. வேலியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆட்டை விரட்டுகிற வேலை அது. நாள்பட இப்படித் தடவிய தோலில் படர்தாமரையின் உருவமே மாறிவிடும். ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரும், விளிம்பு கலைந்துபோகும். பார்த்தவுடன் கரப்பான் என்று மருத்துவரே ஏமாறக்கூடும்.

இந்த மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இருந்தும் இன்றைக்கும் அரிப்பு என்று சொன்னால் கவுன்டரில் இதைத்தான் எடுத்துத் தருகிறார்கள். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, இளஞ்சிவப்புக் கோடுகள் விழுந்த இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பூஞ்சையை எப்படியும் போக்கிவிடலாம். அந்தக் கோடுகள் நிறம் மங்குமே தவிர மறையாது. கணவருக்கு அப்படி ஏதேனும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டியூபை நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் பல மடங்கு கூடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் பொறுக்க முடியாமல் பழைய டியூபுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அரிப்பைத் தணிக்க மாத்திரை உண்டு; மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் ஒற்றி எடுத்து, உலரத் துடைத்தாலும் ஆறுதலாக இருக்கும். எலுமிச்சை, உப்பு, பூண்டு, மண்ணெண்ணெய், நீர்க்காத கிருமிநாசினி எதையும் அங்கே போட வேண்டாம். தோல் வெந்துபோய் வந்தவர்கள் நிறைய. சீமை அகத்தி இலையை அரைத்துப் போடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது, அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டீராய்டு தடவி மாதக்கணக்கில் பரவிய படர்தாமரைக்கு அது போதாது, முடிக்குள் போன பூஞ்சைக்கு எட்டவே எட்டாது.

முன்பெல்லாம் இரண்டு வாரம் களிம்பு தடவினால் படர்தாமரை போய்விடும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நிலைமை அப்படி இல்லை. இந்தியா முழுவதும் பிடிவாதமான ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த நோயாளிகளின் தோலில் எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து அதற்கு டிரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினஃபைன் என்ற மாத்திரை, பூஞ்சையின் உறைக்குத் தேவையான கொழுப்புப் பொருளைத் தயாரிக்கும் ஒரு நொதியை முடக்கித்தான் வேலை செய்கிறது. இந்தப் பூஞ்சையில் பலவற்றுக்கு அந்த நொதியின் மரபணுவே மாறியிருப்பதால் மாத்திரை அதன்மேல் ஒட்டுவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட இப்போது இதைக் கண்டுபிடித்து வருகிறார்கள். இந்தப் பிடிவாதத்துக்கு மருந்தைப் பாதியில் விடும் பழக்கமும் ஸ்டீராய்டுக் கலவைகளும் பெரிய காரணங்கள் என்றே தோல் மருத்துவர்கள் கருதுகிறோம்.

அதனால் உங்களையும் கணவரையும் பார்க்கும் மருத்துவர் முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யக்கூடும். வட்டத்தின் விளிம்பிலிருந்து மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி எடுப்பார், வலிக்காது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விடுவார். கொஞ்ச நேரத்தில் தோல் செல்கள் கரைந்து தெளிந்துவிடும், பூஞ்சை கரையாது. நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் எல்லைகளை மதிக்காமல் குறுக்கே ஓடும் இழைகள் தெரியும். இடையிடையே தடுப்பு விழுந்து, கிளை பிரிந்து போய்க்கொண்டிருக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிகிற, மலிவான பரிசோதனை. பரிசோதனைக்கு முன் சில நாள் பூஞ்சைக் களிம்பு எதுவும் தடவாமல் போனால் விடை சரியாகக் கிடைக்கும்.

கணவருக்குப் பரவியிருக்கும் அளவைப் பார்த்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும். பெரும்பாலும் இட்ராகனசோல் கொடுப்பார்கள். அந்த கேப்சூலை வெறும் வயிற்றில் போடக் கூடாது, சாப்பிட்டவுடன் போட வேண்டும். வயிற்றெரிச்சலுக்கான மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டால் இட்ராகனசோல் உடலில் சரியாகச் சேராது. அவர் அப்படி எதுவும் சாப்பிடுகிறாரா என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எத்தனை வாரம் என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குக் குறையாது என்று எதிர்பாருங்கள். நீங்கள் கருவுற்றிருந்தாலோ அதற்கு வாய்ப்பு இருந்தாலோ அதை முதலில் சொல்லுங்கள், உங்களுக்குக் களிம்போடு நிறுத்திக்கொள்வார்.

களிம்பு தடவும் முறையிலும் தவறு நடக்கிறது. சிவந்த இடத்தில் மட்டும் தடவினால் அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும் பூஞ்சை தப்பிவிடும். விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். தோல் முழுக்கத் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.

இனி மகன். அவனுக்கு வந்திருப்பது புழுவெட்டாக இருக்காது என்பதற்கு உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘செதில் செதிலாக’ என்ற சொற்களே சான்று. புழுவெட்டில் முடி போன இடம் வழவழவென்று சுத்தமாக இருக்கும், செதில் இருக்காது. நல்ல வெயில் வெளிச்சத்தில் அவன் தலையைப் பாருங்கள். முடி வேரோடு கொட்டியிருக்கிறதா, தோல் மட்டத்தில் ஒடிந்து கரும்புள்ளிகளாக நிற்கிறதா? கரும்புள்ளிகள் இருந்தால் முடிக்குள்ளேயே பூஞ்சை விதைத்துகள்கள் நிறைந்து, முடி பலமிழந்து முறிந்திருக்கிறது என்று பொருள். பிடரிக்குக் கீழே விரல் வைத்துத் தடவினால் நெறி கட்டியிருப்பதும் தெரியலாம். இன்னொன்றும் சொல்கிறேன், இதை எல்லாத் தாய்மார்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொடுகு வருவது அபூர்வம், ஏனெனில் தலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் அப்போது முழுதாக வேலைசெய்யத் தொடங்கியிருப்பதில்லை. அந்த வயதில் தலையில் செதிலும் முடி உதிர்வும் சேர்ந்து வந்தால் முதலில் பூஞ்சையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தலைக்குக் களிம்பு போதாது. பூஞ்சை முடியின் தண்டுக்குள்ளும் வேர்க்குழிக்குள்ளும் இருக்கிறது, மேலே தடவுவது அங்கே போய்ச் சேராது. மாத்திரையோ மருந்துத் திரவமோ உள்ளே போய், ரத்தம் வழியாக முடி வேரை அடைந்து, புதிதாக வளரும் முடியோடு சேர்ந்துதான் பூஞ்சையை வெளியே தள்ள முடியும். இதனால்தான் வைத்தியம் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் நீள்கிறது.

மாத்திரைக்கு நீங்கள் பயப்படுவது புரிகிறது. இந்த மருந்து வருவதற்கு முன் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொன்னால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும், ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும், தலைப் படர்தாமரை வந்த பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே கதிரைத் தலையில் பாய்ச்சி முடி முழுவதையும் உதிரவைத்தார்கள். பாரிஸில் சபூரோ என்ற தோல் மருத்துவர் வகுத்த முறை அது. பூஞ்சைகளைப் பற்றி அவ்வளவு அறிந்த மனிதர். இன்றும் ஆய்வகத்தில் பூஞ்சை வளர்க்கும் ஊடகத்துக்கு அவர் பெயர்தான். அவர் கையில் வேறு வழி இருக்கவில்லை. அப்படிக் கதிர் வாங்கிய பிள்ளைகளில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டிலும் மூளையிலும் கட்டிகள் வந்ததை இஸ்ரேலில் நடந்த நீண்டகால ஆய்வுகள் காட்டின. 1958-இல் கிரிசியோஃபல்வின் என்ற மாத்திரை வாய்வழி மருந்தாக வந்த பிறகுதான் இந்தக் கொடுமை நின்றது. பெனிசிலியம் இனத்துப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1939-இல் பிரித்தெடுத்த பொருள் அது. இரண்டு தலைமுறைக்கு மேலாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து. சிலருக்குத் தலைவலி, வயிற்றுக் குமட்டல் வரலாம். வெயிலில் தோல் சிவக்கலாம். அதற்கு மேல் பெரிய தொல்லை அபூர்வம். எடைக்கு ஏற்ற அளவில் கொடுப்பார்கள். கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும், ஆகவே ஒரு டம்ளர் பாலோடோ நெய் சேர்த்த சோற்றுக்குப் பிறகோ கொடுங்கள். பூஞ்சையின் வகையைப் பொறுத்து டெர்பினஃபைனும் கொடுக்கலாம். எதுவானாலும், முடி முளைக்கத் தொடங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்த இடம் திடீரென்று வீங்கி, கொழகொழவென்று ஆகி, முடிக்குழிகளிலிருந்து சீழ் வடியும். காய்ச்சல்கூட வரலாம். பார்ப்பதற்குக் கட்டி போலவே இருப்பதால் கீறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீறக் கூடாது. அது பூஞ்சைக்கு எதிராக உடல் மூர்க்கமாக எதிர்ப்பதால் வரும் வீக்கம், பூஞ்சை மாத்திரைதான் அதற்கும் வைத்தியம். விட்டுவிட்டால் வேர்க்குழிகள் அழிந்து, தழும்பாகி, அந்த இடத்தில் வாழ்நாள் முழுவதும் முடி முளைக்காது. மகன் தலையில் வீக்கமோ நீர்க்கசிவோ தெரிந்தால் வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிச் செல்லுங்கள்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி வெங்காயத்தை நிறுத்துங்கள். பேரன்மேல் உள்ள பாசத்தில் செய்கிறார்; ஆனால் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணானால் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். மருத்துவரிடம் போகும் அன்று அவன் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம், செதிலும் கரும்புள்ளியும் மறைந்துவிடும்.

மொட்டை போட்டால் சரியாகாது. தோலுக்கு மேலே உள்ள முடி போகும், வேர்க்குழிக்குள் இருக்கும் பூஞ்சை அங்கேயே இருக்கும். சவரக்கத்தியின் கீறல்கள் வழியாகத் தலை முழுவதும் பரவவும் செய்யலாம். அதே கத்தி அடுத்த பிள்ளையின் தலைக்குப் போனால் அவனுக்கும் வரும். வேண்டுதலைக் கைவிடச் சொல்லவில்லை. வைத்தியம் முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு நிறைவேற்றுங்கள், புது பிளேடு போடச் சொல்லுங்கள். இடையில் முடி வெட்ட வேண்டியிருந்தால் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதே நாணயம். மெஷினையும் சீப்பையும் அவர் சுத்தம் செய்துகொள்ள முடியும்.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, மாத்திரை தொடங்கிவிட்டால் வகுப்பிலிருந்து ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. கீட்டோகனசோல் ஷாம்புவால் வாரம் இரண்டு முறை தலையை அலசினால் உதிரும் விதைத்துகள்கள் குறையும். மகளும் அதே ஷாம்புவைப் பயன்படுத்தலாம், ஏனெனில் வெளியே ஒன்றும் தெரியாமல் தலையில் பூஞ்சையைச் சுமப்பவர்களும் உண்டு. சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை உறை ஆகியவை அவனுக்கென்று தனியாக இருக்கட்டும். ஆசிரியரிடம் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். அவனைத் தனி பெஞ்சில் உட்காரவைத்தால் வாய்விட்டு ஆட்சேபியுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும், பிள்ளை மனதில் விழுந்த அவமானம் அவ்வளவு விரைவில் போகாது.

பூனையைத் துரத்த வேண்டாம். பூனை, நாய் வழியாக வரும் ஒரு பூஞ்சை இருப்பது உண்மை, மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்று பெயர். இருட்டறையில் ஒருவகைப் புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டினால் அது தொற்றிய முடி பச்சையாக ஒளிரும். ஆனால் நம் நாட்டில் பிள்ளைகளின் தலையில் பெரும்பாலும் காண்பது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகைகள், அவை அப்படி ஒளிர்வதில்லை. பூனையின் காது, முகம், பாதங்களில் முடி கொட்டிய திட்டு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் முதலிடம் கயிறுகளுக்கு. கணவரும் மகனும் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறார்களா? அப்படியானால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, நாள் முழுவதும் ஈரமாகத் தோலோடு ஒட்டியிருக்கும் பருத்திக் கயிற்றைவிட வசதியான இடம் பூஞ்சைக்குக் கிடைக்காது. கயிற்றின் தடத்திலேயே வரிசையாகப் படர்தாமரை படர்ந்திருப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். குணமான பிறகு வேண்டுமானால் வெள்ளியில் போட்டுக்கொள்ளட்டும். கையில் கட்டிய சாமிக் கயிறும் அப்படித்தான். உங்களுக்கு வந்திருப்பது நாடா கட்டும் இடம் என்பதால் பாவாடை நாடாவை அகலமானதாக மாற்றி, இறுக்காமல், கட்டும் இடத்தை அவ்வப்போது சற்றே மேலும் கீழுமாக மாற்றிக் கட்டுங்கள்.

கணவர் நாள் முழுவதும் நீராவிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஜீன்ஸ் போடுகிறவராக இருந்தால் அதை விட்டுவிட்டுத் தளர்ந்த பருத்திப் பேன்ட்டுக்கு மாறட்டும். உள்ளாடையும் தொடையை ஒட்டாத தளர்ந்த பருத்தியாக இருக்கட்டும். வேலை முடிந்து வந்தவுடன் குளித்து, தொடை இடுக்கை ஈரம் போகத் துடைத்த பிறகே துணி மாற்ற வேண்டும். அவருடைய உடுப்புகளை மற்றவர் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். வெந்நீரில் தனியே துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலமானால் தையல் ஓரங்களில் அழுத்தித் தேய்த்துக் கொடுங்கள், அந்த வேலையில் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மகளின் தேமல் வேறு கதை. மலசேசியா என்ற பூஞ்சை எல்லார் தோலிலும் இயல்பாகவே குடியிருக்கிறது, தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழ்கிறது. வெக்கையிலும் வியர்வையிலும் அது பெருகும்போது தோலின் நிறமியைத் தடுக்கும் பொருளைச் சுரப்பதால் வெளுத்த திட்டுகள் விழுகின்றன. நகத்தால் லேசாகச் சுரண்டினால் மெல்லிய பொடிச் செதில் உதிரும். இது தொற்றாது, அவள் யாரையும் விட்டு விலக வேண்டியதில்லை. கீட்டோகனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு கலந்த ஷாம்புவை மருத்துவர் சொல்லும் நாள்களுக்கு உடம்பில் பூசி, சில நிமிடம் விட்டுக் குளித்தால் போதும். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதை அதுவரை விட்டுவிடட்டும். பூஞ்சை போன பிறகும் வெளுப்பு மாறச் சில மாதங்கள் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவள் கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் திரும்ப வரவும் கூடும். ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். வெளுத்த இடத்தில் பஞ்சால் தொட்டால் அவளுக்குத் தெரிகிறதா? உணர்ச்சி இல்லையென்றால் அது தேமல் அல்ல, தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசக் கூட்டு மருந்து கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும்.

கடைசியாக மாமனார். நகம் மஞ்சளாகித் தடிப்பது வயதால் மட்டும் வருவதல்ல, நகப் பூஞ்சையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவர் ஈரத்தில் நிற்கிறவர் என்பதால் கால்விரல் இடுக்குகளையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, வெடித்துச் சேற்றுப்புண் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உங்கள் எல்லாரின் தொற்றும் அங்கிருந்து தொடங்கியது என்று நான் சொல்லவில்லை, அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டில் ஒருவர் நகத்தில் பூஞ்சை தங்கியிருக்க, மற்றவர்கள் மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டால் மறுபடி தொற்றிக்கொள்ளும் வழி திறந்தே கிடக்கும். அவருக்குச் சர்க்கரையும் இருப்பதால், அந்த வெடிப்பு வழியே பாக்டீரியா நுழைந்தால் கால் முழுவதும் வீங்கி, ஆபத்தில் முடியலாம். தோட்டத்திலிருந்து வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தச் சொல்லுங்கள். அவர் நகவெட்டியை வேறு யாரும் எடுக்க வேண்டாம்.

மகனைக் கூட்டிச் செல்லும் அதே நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இட்ராகனசோல் கொடுக்கக் கூடாது, கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. உங்கள் கணவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி அவருக்கும் அதே மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம்.